ஏழாவது எண்

ஒருவருடைய கையெழுத்தின் மீது பொறாமைப்பட முடியும் என்பதைக் கஞ்சிக்கோட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அறிந்துகொண்டேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. வாளையாருக்குப் போகும் சாலையின் இருபுறமும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. எங்களுடையது அவற்றுள் சிறியது. தேயிலையை உலர்த்தும் இயந்திரத்தின் வெப்பத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஒரு கருவியை நாங்கள் செய்தோம். அதுவரை அந்த வேலையை மனிதர்கள்தாம் செய்துவந்தார்கள். உலையருகே நின்று, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து, காற்றுக் கதவைக் கையால் திறந்து மூடினார்கள்.

நான் வரைபட அறையில் பதிவேட்டு எழுத்தர். எந்த வரைபடம் எந்தப் பட்டறைக்குப் போயிற்று, யார் வாங்கினார், எப்போது திரும்பிவந்தது என்று எழுதிவைப்பது என் பணி. என் மேசைக்கு எதிரே அவள் இருந்தாள். கல்பாத்தியில் பிறந்து வளர்ந்தவள், என்னைவிட ஒரு வயது மூத்தவள், டிரேசிங் தாளில் மையால் வரைபவள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சன்னல் வழியே வந்து எங்கள் தாள்களையெல்லாம் படபடக்க வைக்கும்போது, நாங்கள் ஈயக்கட்டிகளைத் தேடி ஓடுவோம். அவள் மட்டும் இடக்கை முழங்கையைத் தாளின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு எழுதிக்கொண்டே இருப்பாள். அவள் எழுதிய எண்கள் அச்சில் வார்த்தவை போலிருக்கும். பட்டறையில் லேத் ஓட்டுபவர்கள் வரைபடத்தை வாங்கிப் பார்த்து, "இது அந்தம்மா போட்டதுதானே" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் எழுதிய பதிவேட்டைப் பார்த்து அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

என் பெருமை வேறிடத்தில் இருந்தது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, நெல்லும் நிலக்கடலையும் விளைவிக்கிற குடும்பம் எங்களுடையது. அதில் முதன்முதலாக மேடையேறிய பெண் நான். கல்லூரியில் படித்த நாளில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பேச்சுப்போட்டிச் சுழற்கோப்பையை வென்றேன். எதிரணியினர் பேசியதைத் தாளில் குறித்துக்கொள்ளாமல், அவர்கள் சொன்ன வரிசையிலேயே திருப்பிச் சொல்லி, ஒவ்வொன்றாக உடைப்பது என் முறை. எதையும் இரண்டு முறை உரக்கச் சொன்னால் அது என் நெஞ்சில் தங்கிவிடும். இந்த ஆற்றலை நான் பயின்று பெற்றேன். அவளுடைய கைத்திறனைப்போல் அது கூடவே பிறந்ததில்லை என்றும், ஆகவே என்னுடையதே உயர்ந்தது என்றும் எனக்குள் பலமுறை வாதிட்டு, பலமுறை வென்றிருக்கிறேன்.

எங்கள் தலைமைப் பொறியாளர் சின்னக்கானல் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் கொழுந்து பறித்தவர்கள். தேயிலைத் தொழிற்சாலையில் உதவியாளாகத் தொடங்கி, படித்துத் தேறி, அந்தக் கருவியை அவரே உருவாக்கினார். கருவியின் உயிர் ஒரு பித்தளைத் தகடு. பட்டறையில் அதைக் கேம் என்பார்கள். பார்வைக்கு, ஓரங்கள் நெளிந்த ஒரு சிறிய தோசை போலிருக்கும். அது சுழலச் சுழல, அதன் விளிம்பு காற்றுக் கதவை ஏற்றி இறக்கும். வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, நடுவிலிருந்து விளிம்புவரை ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லும் பன்னிரண்டு எண்களே அந்த நெளிவு. இரண்டு மழைக்காலங்களை ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் உலைக்கு அருகில் கழித்து அவர் அந்தப் பன்னிரண்டையும் கண்டடைந்தார். மற்ற பாகங்களை எந்தப் பட்டறையும் செய்துவிடும். இந்த எண்களில்லாமல் எவராலும் இந்தக் கருவியைச் செய்ய இயலாது.

எண்கள் அவருடைய குறிப்பேட்டில் இருந்தன. அதிலிருந்து டிரேசிங் தாளுக்கு ஏற்றும் பணியை அவளிடம் தந்தார். வேறு யாரும் பார்க்கக்கூடாது என்று சொல்லியே தந்தார்.

ஆனால் வரைபட அறையில் ஒரு வழக்கம் உண்டு. வரைந்து முடித்த தாளை வரைந்தவரே சரிபார்த்தால் பிழை கண்ணில் படாது. ஆகையால் ஒருவர் மூலத்திலிருந்து உரக்க வாசிக்க, வரைந்தவர் தம் தாளில் ஒவ்வொரு எண்ணின் மேலும் பென்சில் முனையை வைத்துக்கொண்டே வருவார். பொறியாளர் அன்று மலைக்குப் போயிருந்தார். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அவள் என்னை அழைத்தாள்.

"சித்த இங்கே வா. இந்தப் பன்னெண்டையும் நிறுத்தி வாசி. உன் குரல்னா குழப்பமே வராது."

"வேற யாரும் பாக்கக்கூடாதுன்னு சொன்னாருங்களே?"

"பார்க்கக்கூடாதுன்னுதான் சொன்னார். வாசிக்கக்கூடாதுன்னு சொன்னாரா? தப்பா ஒண்ணு போச்சுன்னா நான்தான் பதில் சொல்லணுமாக்கும்."

நான் அவளிடம் எப்போதும் 'ங்க' சேர்த்தே பேசினேன். அவள் என்னை முதல் நாளிலிருந்தே 'நீ' என்றாள். அதுவும் எனக்கு உறுத்தியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் என் குரலைப் புகழ்ந்துவிட்டாள். வாசித்தேன். ஒருமுறை வாசித்து, அவள் கேட்டுக்கொண்டபடி இன்னொரு முறையும் வாசித்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பொறியாளர் ஓர் இரும்பு அலமாரியை வரைபட அறைக்குக் கொண்டுவரச் செய்தார். இனிமேல் முக்கியமான வரைபடங்கள் அதில் பூட்டியிருக்கும் என்றார். பொறுப்பாளர் கையில் ஒரே ஒரு சாவி இருக்கும். அந்தப் பொறுப்பில் இருப்பவரை ஆறு மாதப் பயிற்சிக்குப் பெங்களூருக்கு அனுப்ப நிறுவனம் முடிவெடுத்திருக்கிறது. இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு வரும்போது, பதிவேட்டை வைத்திருப்பவள் நான், ஆகவே சாவியும் இயல்பாக என்னிடமே வரும் என்று எண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் என்னைக் கடந்துபோய் அவள் மேசைமீது சாவியை வைத்தார். அவள் பேனா முனையை நகத்தில் துடைத்துவிட்டு, சாவியை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் குறைவாக வெறுத்திருப்பேன்.

அவருடைய மேசைக்குப் போய்க் கேட்டேன்.

"பதிவேடு என்கிட்டத்தானுங்க இருக்குது. சாவியும் இருந்தா ஒரே கையில இருக்குமுங்க."

"அதுக்குத்தான் ரெண்டு கையில குடுத்தேன்" என்றார் அவர், நிமிராமலே. "ஒன் குரல் இருக்கே, பள்ளிவாசல் பவர் ஹவுஸ் இரைச்சல்ல நின்னு பேசினாலும் எடுபடும். பூட்டுற வேலைக்கு வாய் பேசாத ஆள்தான் வேணும் தாயி."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மற்றவர்களைவிடக் குறைவாகச் சிரித்தாள், அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் ஒரு பட்டிமன்றம். உலகை நடத்துவது மனிதனா, இயந்திரமா என்பது தலைப்பு. நான் மனிதன் அணியில் மூன்றாவது பேச்சாளர். எதிரணியில் பேசிய ஒருவர், தாமே சிந்திக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன என்று அடுக்கிக்கொண்டே போனார். என் முறை வந்தபோது, ஆயத்தம் செய்திருந்த உரையை விட்டுவிட்டேன். "சிந்திக்கும் இயந்திரம் ஒன்றை நான் அறிவேன். தேயிலையின் பக்குவம் அறிந்து வெப்பத்தை அளந்து ஊட்டும் இயந்திரம் அது. அதன் சிந்தனை எத்தனை பெரிது தெரியுமா? பன்னிரண்டே எண்கள். ஓர் ஏழைத் தாயின் மகன் உலைமுன் நின்று கண்டுபிடித்த பன்னிரண்டு எண்கள். அந்த இயந்திரத்தின் மூளை முழுவதையும் இந்தப் பெண்ணின் நெஞ்சில் ஒரு மூலையில் வைத்துவிடலாம், இதோ பாருங்கள்" என்று சொல்லி, பன்னிரண்டையும் ஏற்ற இறக்கத்தோடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரற்கணுவைத் தொட்டுச் சொன்னேன். மண்டபம் அதிர்ந்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே என் மனத்தில் இருந்தது மனித இனத்தின் பெருமையன்று. பூட்டிய அலமாரியும், புடவைத் தலைப்பில் முடிந்த சாவியும்தாம் இருந்தன. நீ பூட்டி வைத்திருப்பது என்னிடம் பூட்டில்லாமலே இருக்கிறது என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பரிசளிப்பு முடிந்ததும் வெள்ளை வேட்டி அணிந்த ஒருவர் கைகூப்பிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். வார்ப்படப் பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னார்.

"அம்மணி, நல்லாப் பேசுனீங்க. ஒரே ஒரு சந்தேகமுங்க. கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"அந்தப் பன்னெண்டு நெம்பரு, நெசமாலுமே மனப்பாடமுங்களா? இல்ல, கூட்டத்துக்காக வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டீங்களா?"

"நெசந்தானுங்க."

"என்ற மச்சானுங்கூட இப்படித்தான் மேடையில அடிச்சு விடுவாரு. மறுக்காச் சொல்லச் சொன்னாத் தண்ணி குடிக்கப் போயிருவாரு." சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்தார். "நான் குறிச்சுக்கறனுங்க. நீங்க ஒருக்காச் சொல்லுங்க, அப்புறம் பின்னாலிருந்து ஒருக்காச் சொல்லுங்க. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா நான் ஒத்துக்கறன்."

நினைவாற்றலைக் காட்டுபவர்களை அவையில் ஒருவர் எழுந்து இப்படிச் சோதிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கந்தான். சோதனையை மறுப்பது தோல்விக்குச் சமம். முன்னிருந்து சொன்னேன். பின்னிருந்தும் சொன்னேன். அவர் எழுதினார், விரல்வைத்து ஒத்துப்பார்த்தார், தலையை ஆட்டினார். "எல்லாம் மில்லிமீட்டருங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வட்டத்தைப் பன்னிரண்டு பாகமாக்குவதையும், நடுவிலிருந்து அளப்பதையும் அவர் கேட்காமலே விளக்கினேன். "உங்களைப் பெத்தவிய குடுத்து வச்சவிய" என்று சொல்லிவிட்டு அவர் போனார். பேருந்தில் ஊர் திரும்பும் வழி முழுவதும் அந்தச் சொற்களையே மென்றுகொண்டிருந்தேன்.

மூன்று மாதங்கள் கழிந்தன. சின்னக்கானல் பக்கத்தில் எங்களிடம் வாங்குவதாகச் சொல்லியிருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலை திடீரென்று வேண்டாமென்றது. பொறியாளர் நேரில் போய்ப் பார்த்தார். அங்கே வேறொரு கருவி ஓடிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் செய்தது, எங்களுடையதைவிட விலை குறைவு. தெரிந்த மேற்பார்வையாளர் ஒருவரைக் கெஞ்சி, அதன் மாற்றுத் தகட்டை வாங்கிவந்திருந்தார். செய்தித்தாளில் சுற்றியிருந்த அந்தப் பித்தளைத் தகட்டை அவர் மேசைமேல் வைத்தபோது, எங்கள் தகடு எது, அது எது என்று பிரித்தறிய முடியவில்லை.

அப்போது எனக்குக் கோயம்புத்தூர் மண்டபம் நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. வாசலில் வந்து நிற்கும் வேண்டாத விருந்தாளியைப்போல வந்து நின்றது. நான் உள்ளே அழைக்கவில்லை. வெறும் எண்களைக் கேட்டு யாராவது தகடு செய்வார்களா, வரைபடம் வேண்டாமா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அனுப்புவது எளிதாக இருந்ததற்குக் காரணம், அலமாரியின் சாவி அவளிடம் இருந்தது.

முதலாளியின் அறையில் விசாரணை நடந்தது. முதலாளி, பொறியாளர், அவள், பதிவேட்டோடு நான். பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லச் சொன்னார்கள். தகடுகளைப் பொறியாளரே தம் குறிப்பேட்டைப் பார்த்து வெட்டிவந்ததால், அந்தத் தாள் அலமாரியைவிட்டு ஒருமுறையும் வெளியே போனதாகப் பதிவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் எழுந்து நின்றேன்.

"தாள் வெளியே போகவில்லை என்று பதிவேடு சொல்கிறது. ஆனால் தாளில் இருந்தது வெளியே போயிருக்கிறது. அப்படியானால் பதிவேட்டுக்குத் தெரியாமல் அந்த அலமாரியைத் திறக்கக்கூடியவர் யார்? சாவி எத்தனை? ஒன்று. அது யாரிடம்? கோயம்புத்தூரில் உறவும் போக்குவரத்தும் உள்ளவர் நம்மில் யார்?"

"இது மேடை இல்ல தாயி, உக்காரு" என்றார் பொறியாளர்.

அவள் என்னைப் பார்த்தாள். பேசிய குரல் எப்போதும்போலத் தாழ்ந்தே இருந்தது.

"கோயம்புத்தூர்ல இருக்கறது என் அம்மாஞ்சி. மில்லுல டைம் கீப்பர். கேம்னா அவனுக்குக் கேரம் போர்டுன்னு தோணும்."

முதலாளிகூடச் சிரித்துவிட்டார். நான் மூன்று நிமிடம் கட்டியெழுப்பியதை அவள் ஒரு வாக்கியத்தில் சரித்தாள். குற்றம் சாட்டப்பட்டு நிற்பவள் அவள், தோற்றவள் நான் என்று என் உடம்பு முழுவதும் எரிந்தது.

பொறியாளர் என்னை வெளியே போகச் சொன்னார். பிறகு உள்ளே அரைமணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவள் வெளியே வந்து, மேசையைத் துடைத்து, பேனாக்களைப் பெட்டியில் அடுக்கி, சாவியை என் முன்னால் வைத்தாள். விசாரணை முடியும்வரை வீட்டிலிருக்கச் சொல்லிவிட்டார்களாம். குற்றம் உறுதியானால் வேலை போவதோடு நிற்காது, போலீசுக்கும் எழுதுவார்கள் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

"பத்திரமா வச்சுக்கோ. பூட்டு கொஞ்சம் இறுக்கம். இடத்துப்பக்கம் ஒரு தள்ளு தள்ளித் திருப்பணும்" என்றாள்.

பதினோரு நாட்கள் அந்தச் சாவி என்னிடம் இருந்தது. நான் அதைக் கைப்பையில் வைக்காமல், அவளைப்போலவே புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். பெங்களூருக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்றுகூட யோசித்துவைத்தேன். வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, "அந்தப் புள்ள பாவமில்லையா?" என்று கேட்டார். "தப்புப் பண்ணுனா அனுபவிக்கத்தானுங்க வேணும்" என்றேன். அந்தப் பதிலின் சொற்கட்டு எனக்கே பிடித்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, புதிதாக வந்த ஒரு வேலைக்காக அந்தத் தாளிலிருந்து அமோனியா ஆவியில் பிரதி ஒன்று எடுக்கச் சொன்னார்கள். இடப்பக்கம் தள்ளிப் பூட்டைத் திறந்தேன். தாளை எடுத்துச் சன்னலருகே கொண்டுபோனேன். பிரதி எடுக்குமுன் எண்களை ஒருமுறை பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை, எனக்குத்தான் தெரியுமே. ஒன்று, இரண்டு, மூன்று என்று என் நினைவும் தாளும் கைகோத்து நடந்தன. ஏழாவதில் நின்றேன். என் நெஞ்சில் இருந்தது முப்பத்தொன்று புள்ளி நான்கு. தாளில் இருந்தது முப்பத்திரண்டு புள்ளி ஒன்று.

முதலில் எனக்கு வந்தது அவமானம். என் நினைவு பிழைத்துவிட்டது, அத்தனை பேருக்கு முன்னால் தவறாகச் சொல்லியிருக்கிறேன் என்ற அவமானம். அந்த நிலையிலும் நான் அதைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். பிறகு தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஏழாவது எண்ணுக்குப் பின்னால் தாள் நகத்தளவு மெலிந்து வெளுத்திருந்தது. டிரேசிங் தாளில் மையை அழிக்க முடியாது. பிளேடால் சுரண்டி, அந்த இடத்தை நகத்தால் தேய்த்துப் பதமாக்கி, மேலே புதிதாக எழுதுவார்கள். அவள் சுரண்டியிருந்த நேர்த்தியில், வெளிச்சத்தில் பிடித்தாலொழிய ஒருவருக்கும் தெரியாது. நான் வாசித்தபின், தாள் அலமாரிக்குள் போகுமுன்பே எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள். ஆகவே என் நினைவு பிழைக்கவில்லை.

தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் பொறியாளரின் அறைக்குப் போனேன். அவர் பட்டறையில் இருந்தார். கோயம்புத்தூர்த் தகடு அவர் மேசைமேல் இருந்தது. அதனடியில், அதை அளந்து அவர் எழுதிய பன்னிரண்டு வரிகள் இருந்தன. ஏழாவது வரியை மட்டும் பார்த்தேன். முப்பத்தொன்று புள்ளி நான்கு. பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம்.

என் நினைவாற்றலுக்கு அதைவிடத் துல்லியமான சான்றிதழை எந்த அவையும் தந்ததில்லை. திருத்துவதற்கு முன்பிருந்த எண், தாளில் இப்போது இல்லாத எண், அந்தத் தகட்டில் இருந்தது. அது அலமாரியிலிருந்து போயிருக்க முடியாது. என் வாயிலிருந்துதான் போயிருக்க வேண்டும்.

பொறியாளர் திரும்பிவரும்வரை அங்கேயே நின்றேன். ஓடிவிடலாம் என்று எண்ணினேன். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நான் அந்த எண்களைப் பார்த்ததே அவருக்குத் தெரியாது. சிவப்பு வட்டத்தின் பொருளும் புரிந்தது: திருத்துவதற்கு முன் பார்த்தவர்கள் அவரும் அவளும் மட்டுமே என்பது அவர் கணக்கு. ஆகையால் அந்த வட்டம் அவளைச் சுற்றிப் போட்டது. நான் வாய் திறக்காவிட்டால் அது அங்கேயே இருக்கும். வாய் திறக்காமலிருப்பதை நான் ஒருபோதும் பழகியதில்லை என்பது அன்று ஒரு வகையில் உதவியது.

"என்னம்மா, பிரதி எடுத்தாச்சா?"

"எடுக்கலீங்க. ஏழாவது நெம்பரு முன்னால முப்பத்தொண்ணு புள்ளி நாலுங்களா?"

அவர் கதவைச் சாத்தினார். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். வாசித்ததையும், கோயம்புத்தூரையும், நோட்டை நீட்டிய மனிதரையும் சொன்னேன். இடையில் ஒருமுறை, "மனித ஆற்றலின் சிறப்பை நிலைநாட்டும் பொருட்டு" என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"அதை விடு. எத்தனை பேர் முன்னாடி சொன்ன?"

"மண்டபம் நெறஞ்சிருந்ததுங்க."

"கைதட்டுனானுவளா?"

"தட்டுனாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தத் தகட்டை எடுத்து விரலால் விளிம்பைத் தடவினார். "ரெண்டு வருசம், தாயி. உலைச் சூட்டுல எம் முடி கொட்டிப்போச்சு. ஏழாவதுல மட்டும் கருவி திணறும், வெப்பம் தாவும். அதைக் கண்டுபிடிச்சுத் திருத்தச் சொன்னேன். அவனுக்கு அது தெரியல, பழசையே வச்சிருக்கான். அதான் அந்தப் பிள்ளைன்னு முடிவுகட்டிட்டேன்." தகட்டைச் செய்தித்தாளில் திரும்பச் சுற்றினார். "பதினோரு நாளா அந்தப் பிள்ளைய நான் திருடின்னு நெனைச்சிருக்கேன். ஒன்னைக் கோவிச்சுக்கறதா, என்னையக் கோவிச்சுக்கறதான்னு தெரியல."

அன்று பிற்பகலே எழுதிக்கொடுத்துவிட்டு வேலையைவிட்டு விலகினேன். விலகச் சொன்னார்கள் என்பதே சரி. போலீசுக்கு எழுதவில்லை. பொறியாளர் கல்பாத்திக்குத் தாமே போய் அவளை அழைத்துவருவதாகச் சொன்னார். அலமாரியையும் பதிவேட்டையும் ஒப்படைப்பதற்காக மறுநாள் காலை மட்டும் என்னை வரச் சொன்னார்கள்.

அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நான் பேருந்தில் வரும்போதே ஒரு மன்னிப்புரையை அமைத்து வைத்திருந்தேன். தொடக்கம், நடு, முடிவு எல்லாம் இருந்தன. முதலில் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் கேட்டேன்.

"நான் வாசிச்சதை நீங்க ஏனுங்க சொல்லல?"

"உன்னைக் காப்பாத்தன்னு நினைச்சுக்காதே. உன்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னது நானாக்கும். அதைச் சொன்னா, இவள் பூட்டவே லாயக்கில்லைன்னு அந்த நிமிஷமே அனுப்பிச்சிருப்பா. திருடலைன்னு தெரிஞ்சாலாவது திரும்பக் கூப்பிடுவான்னு உட்கார்ந்திருந்தேன்."

"என்மேல சந்தேகம் வரலீங்களா?"

"நீ எழுந்து நின்னு அத்தனை பேசினியே, அப்போ வந்தது. சாவி உனக்கு வேணும்னுதான் பேசறாய்னு நினைச்சேன். இத்தனை பெரிசா இருக்கும்னு நினைக்கலை."

நான் மன்னிப்புரையைத் தொடங்கினேன். முதல் வாக்கியம் முடியுமுன்பே அவள் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினாள்.

"பேசவேண்டாம். எழுதிக் குடு. கம்பெனிக்கு நீ எழுதினது பீரோவுக்குள்ளே போயிடும். எங்காத்துக்கு ஒண்ணு வேணும். அப்பா பதினோரு நாளா கோவிலுக்குப் போறதில்லை. யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு."

வரைபட மேசையில் உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கம் நிறைந்தது. அவள் வாங்கி, பென்சில் முனையை ஒவ்வொரு சொல்லின் மேலும் வைத்துக்கொண்டு படித்தாள்.

"தங்கள் மகளின் பெருந்தன்மைன்னு எழுதியிருக்காய். நான் ஒண்ணும் பெருந்தன்மையா இல்லை. எடுத்துடு."

எடுத்தேன்.

"விதியின் விளையாட்டால்னு ஒண்ணு இருக்கு. விதி என்ன பண்ணித்து? நீதானே போய்ச் சொன்னாய்."

அதையும் எடுத்தேன்.

"உன் நினைவாற்றலைப் பத்தி எங்கப்பாவுக்கு எதுக்கு?"

மூன்றாவது தாளில் நான்கு வரிகள் எஞ்சின. நிறுவனத்தின் எண்களை வெளியே சொன்னது நான். தங்கள் மகளுக்கு அதில் பங்கில்லை. அவர்மீது பொறாமையால் பழி சொன்னேன். அது பொய். கீழே கையெழுத்திட்டேன். பொறாமை என்ற சொல்லை அவள் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதினேன். அவள் அதன்மீது பென்சிலை ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு அதை அப்படியே விட்டு அடுத்த சொல்லுக்கு நகர்த்தினாள். தாளை நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு, அலமாரியைத் திறந்து தாள்களை எண்ணத் தொடங்கினாள்.

பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றேன். கணவாய்க் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வேலை போயிற்று, பெங்களூருக்கு அவள் போவாள், வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இவற்றுள் எதுவும் அப்போது என்னை அவ்வளவாக வருத்தவில்லை. அதுவரை நான் எழுதியதிலும் பேசியதிலும் ஒரு சொல்லை எடுக்கச் சொன்னவர் எவருமில்லை. அவள் மூன்று இடங்களில் எடுக்கச் சொன்னாள். மூன்றும் சரி. பேருந்து வந்து, ஏறி உட்கார்ந்து, ஊர் வரும்வரையிலும் அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.